பதினாலாம் நம்பர் மலையில் கை எண்ணுவார்கள்

நான் ரிங்லெட்டில் வந்து இறங்கிய அன்று மழை பெய்துகொண்டிருந்தது. கையில் ஒரு பெட்டி, ஒரு குடை, மண்டைக்குள் நாற்பத்து மூன்று வருட அறிவு. பெட்டியும் குடையும் நனைந்துவிட்டன. அறிவு மட்டும் அப்போதைக்குக் காய்ந்தே இருந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சலீம் பாயின் சாப்பாட்டுக் கடை. எஸ்டேட் லோரி வரும்வரை அங்கே உட்கார்ந்து டீ குடித்தேன்.

“எந்த எஸ்டேட்டுண்ணே?” என்றார் சலீம்.

சொன்னேன்.

“புதுக் கிராணியா? நல்லது. மூட்டத்துல கை எண்ணுவாங்களே, அந்த எஸ்டேட்டு.”

“கையா? பேரக் கூப்பிட்டு எண்ணுறதுதானே பாய் வழக்கம்?”

“பேரக் கூப்பிட்டுத்தானே ஒருவாட்டி ஏமாந்தாங்க.” அவ்வளவுதான் சொன்னார். கல்லில் ரொட்டி கருகும் வாசனை வந்தது, திருப்பிப் போடப் போய்விட்டார்.

என்னைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் பத்தொன்பது வருடம் கிராணியாக இருந்து, ஆள் கணக்கு எழுதியவன். பெயர் குகனேஸ்வரன். ஆனால் அங்கே என்னை ‘டெஸ்ட் கிராணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டேன். விளக்கு வைத்தபின் விசில் அடித்தால் பாம்பு வரும் என்றார்கள், ஒரு மாதம் அடித்தேன். பாம்பு வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வாசலுக்கு நேரே பப்பாளி வைத்தால் குடும்பம் பிரியும் என்றார்கள், வைத்தேன். மனைவி போய்விட்டாள். அதற்குக் காரணம் மரம் இல்லை. மரத்தைப் பற்றி ஆறு மாதம் நான் விடாமல் பேசியதுதான் காரணம் என்று அவளே எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

இப்படிப்பட்ட நான், ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பிக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. அப்படி ஒன்றை நம்புகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

கூப்பிட்டால் பதில் வருகிறது என்றால், அங்கே ஆள் இருக்கிறது. அவ்வளவுதான் அந்த விஷயம்.

*

பதினாலாம் நம்பர் மலை எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கடைசித் துண்டு. சரிவு அதிகம், கொழுந்து வெட்டும் மெஷின் நிற்காது. அதனால் பதினோரு பேர் கத்தரி வைத்துக் கையால் வெட்டுவார்கள். நாலு பேர் பங்களாதேஷ், இரண்டு பேர் நேப்பாளம், மிச்சம் ஐந்தும் நம் பெண்கள். இவர்களை வேலை வாங்கும் மண்டோர் மாரியம்மா. அறுபதை நெருங்குகிறவர், என்னைவிட ஒரு முழம் குள்ளம். ஆனால் அவர் முன்னால் நான்தான் அண்ணாந்து பார்ப்பதுபோல நிற்பேன்.

மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு மூட்டம் இறங்கும். மேலே காட்டிலிருந்து வழிந்து, செடிக்கும் செடிக்கும் நடுவே புகுந்து, கால் மணி நேரத்தில் மலையையே காணாமல் செய்துவிடும். கையை நீட்டினால் முழங்கைவரைதான் நம்முடையது. அந்த நாட்களில் மாரியம்மா லோரியின் பின்பலகைக்குப் பக்கத்தில் நின்று தகரத்தைத் தட்டுவார். ஒவ்வொருவராகத் தடவித் தடவி வந்து கையை நீட்டுவார்கள். மணிக்கட்டைப் பிடித்து, ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து, விடுவார். பெயர் சொல்வதில்லை, பதில் சொல்வதில்லை. லோரி நகரும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. பதினோரு கைக்கு இருபத்தைந்து நிமிஷம்.

“ஏன்க்கா, பேரக் கூப்பிட்டா ஆகாதா?” என்று முதல் வாரமே கேட்டேன்.

“ஆகாது.”

“அதான் ஏன்?”

“இங்க அப்படித்தான் லா.”

“இது எந்தக் காலத்து வழக்கம்?”

“ரொம்பப் பழசு இல்ல, கிராணி. என் காலத்துலதான் வந்துச்சு,” என்று சொல்லிவிட்டுக் கத்தரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

லோரி ஓட்டும் கருப்பையாவிடம் கேட்டேன். கருப்பையா நல்ல மனிதர், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், பாதி பொய்.

“வேலாயின்னு ஒரு பொண்ணு கிராணி. எம்பத்தஞ்சுல. மூட்டத்துல காணாமப் போயிருச்சு. மல எடுத்துக்கிச்சுன்னு சொல்வாங்க.”

“மலைக்கு எதுக்கு அண்ணே ஆளு? அதுகிட்டயும் வேலைக்கு ஆள் பத்தலையா?”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு,” என்றார்.

விளையாட்டில்லை என்று காட்டுவதற்காக ஆபீஸ் ஸ்டோரில் பூஞ்சை பிடித்துக் கிடந்த பழைய ஆள் புத்தகங்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டினேன். கிடைத்துவிட்டது. எண்பத்தைந்து, நவம்பர். பதினாலாம் நம்பர். காலையில் மலைக்குப் போனவர்கள் இருபத்து நான்கு. சாயந்திரம் பெயர் கூப்பிட்டுப் பதில் வந்தவர்கள் இருபத்து நான்கு. வேலாயி பெயருக்கு நேரே அழகாக ஒரு கோடு. அந்தக் காலத்துக் கங்காணி அழுத்தித்தான் போட்டிருக்கிறார், அடுத்த பக்கத்தில்கூடத் தடம் இருந்தது.

மறுநாள் காலை புத்தகத்தை எடுத்துப்போய் மாரியம்மா முன்னால் விரித்தேன்.

“பாருங்க அக்கா. அன்னிக்கு வேலாயி பதில் சொல்லியிருக்கு. லோரி ஏறி எறங்கி வந்திருக்கு. அப்புறம் யார்கூடயாவது கோலாலம்பூர் பக்கம் போயிருக்கும். இத்தன வருஷமா ஒரு மூட்டத்தப் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கீங்க.”

அவர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். விரலை அதன்மேல் வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

“இனிமே நான் பேர் கூப்பிடுறேன். மூணு நிமிஷத்துல வேலை முடியும். பிள்ளைங்க குளிர்ல நிக்க வேணாம்,” என்றேன்.

“நீங்க கிராணி. உங்க இஷ்டம்,” என்றார். “என்னைக் கூப்பிடச் சொல்லாதீங்க.”

*

அடுத்த மூட்டத்தில் நான் பெயர் கூப்பிட்டேன். நம் பெண்கள் ‘இருக்கேன் கிராணி’ என்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதையே மலாயில் ‘அடா’ என்றார்கள். முதல்முறை கேட்டபோது என்னைத்தான் அடா போட்டுப் பேசுகிறார்கள் என்று கொஞ்சம் முறைத்தேன். மூன்றரை நிமிஷம். “கதை போதும் லா, வண்டிய எடுங்க,” என்று கருப்பையாவிடம் சொல்லிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டேன். இரண்டாம் முறை மூன்று நிமிஷம். மூன்றாம் முறை அதற்கும் குறைவு. எஸ்டேட் மேனேஜரான துரையிடம் சொல்லி ஒரு பாராட்டுகூட வாங்கிவிட்டேன்.

நாலாம் முறை ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மூட்டம் எப்போதையும்விடக் கெட்டியாக இருந்தது. லோரிப் படியில் நின்று கூப்பிட்டேன். பதில்கள் வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன, பின்னால் தட்டுத் தடுமாறி ஆட்கள் ஏறும் சத்தம்.

“பவளம்?”

“இருக்கேன் கிராணி.”

பளிச்சென்று, மணி அடித்ததுபோல. பவளத்துக்கு இழுப்பு உண்டு. மூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசினால் நடுவில் நெஞ்சு கீச்சிடும். இன்றைக்குப் பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

கோடு போட்டேன்.

“கதை போதும் லா, வண்டிய எடுங்க.”

லைன் வீடுகளுக்கு முன்னால் லோரி நின்றது. பின்பலகையை இறக்கினார்கள். இறங்கியவர்களை அசட்டையாகத்தான் எண்ணினேன். பத்து. திரும்ப எண்ணினேன். பத்து. லோரிக்குள் எட்டிப் பார்த்தேன். பலகை ஓரத்தில் பவளத்தின் பச்சைத் துணிப்பை மட்டும் இருந்தது. பைக்குள் சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, அவள் உறிஞ்சும் மருந்துக்குழல்.

“எல்லாரும் பதில் சொன்னாங்களே,” என்றேன்.

“சொன்னாங்க,” என்றார் மாரியம்மா. “யாரு சொன்னாங்க?”

*

துரை அன்று ஈப்போவில். பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புப் படைக்கு, போன் போட்டேன், வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பங்களாதேஷ் பையன்கள் நாலு பேரும் டார்ச்சோடு கிளம்பினார்கள். மாரியம்மா தடுத்துவிட்டார்.

“கூட ஆளு போனா கூட ஆளுதான் தொலையும். கருப்பையா, வண்டியத் திருப்பு. கிராணியும் நானும் போறோம்.”

மலை ரோட்டில் திரும்ப ஏறும்போது மணி ஐந்தரை. பவளத்தின் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். குழல் இல்லாமல் அந்தக் குளிரில் அவளால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. ஹெட்லைட் வெளிச்சம் நாலடி போய் நின்றுவிட்டது.

“நீங்க வண்டியில இருங்க அக்கா. தப்பு என்னோடது,” என்று சொல்லிவிட்டு, பையையும் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீரம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

“கிராணி,” என்றார் பின்னாலிருந்து. “பதில் வந்தா போயிராதீங்க.”

பதில் வந்தால் போகாமல் வேறு எங்கே போவது?

தேயிலைக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் வழி. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஈரச் செடி, கிளைகள் கால்சட்டையைப் பிடித்துப் பிடித்து விட்டன. இருபது அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். ஹெட்லைட் இல்லை. லோரி இல்லை. வந்த வழியும் இல்லை.

“பவளம்!”

“இருக்கேன் கிராணி.”

கொஞ்சம் மேலே, வலது பக்கம். என் உயிர் திரும்பி வந்தது. ஏறினேன்.

“பவளம், அங்கயே நில்லு மா.”

“இருக்கேன் கிராணி.”

அதே தூரம். அதே வலது பக்கம். இன்னும் ஏறினேன். மருந்துத் தண்ணீர் நிரப்பும் நீல டிரம் ஒன்று வழியில் கவிழ்ந்து கிடந்தது, தாண்டிப் போனேன். கூப்பிட்டேன். பதில் வந்தது. போனேன். மறுபடி ஒரு நீல டிரம், கவிழ்ந்து கிடந்தது. தாண்டிப் போனேன்.

மூன்றாவது முறை அந்த டிரம் வந்தபோது அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் வாடை தெரிந்தது. பச்சைக் கொழுந்துக்கு ஒரு வாசனை உண்டு, எல்லோருக்கும் பிடிக்கும். இது அது இல்லை. வெட்டின கொழுந்தை மறந்துபோய் ஒரு நாள் முழுக்கக் கூடையிலேயே விட்டால் உள்ளே புழுங்கிச் சூடேறி அழுகும், அந்த வாடை. எனக்குப் பின்னால் இருந்து வந்தது.

திரும்பவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் விடாத நான், அதைச் சோதிக்கவில்லை.

மடியில் பவளத்தின் பை. துணிக்கு மேலாகக் குழல் விரலில் தட்டுப்பட்டது. குழல் இங்கே என்னிடம். அப்படியானால் நாலு முறை கீச்சில்லாமல், இருமலில்லாமல், மணிபோல் எனக்குப் பதில் சொன்ன நெஞ்சு யாருடையது?

கூப்பிடுவதை நிறுத்தினேன். பதில் வரும் பக்கம் போகக் கூடாது. பதிலே சொல்ல முடியாத ஒருத்தியைத் தேட வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்டேன்.

சொட்டும் நீர். எங்கோ ஒரு தவளை.

பிறகு கீழே, இடது பக்கம், எண்ணெய் போடாத கதவு லேசாகத் திறப்பதுபோல.

கீச்.

இடைவெளி.

கீச்.

*

செடிக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். நான் பெயர் சொல்ல வாயெடுத்ததும் ஒரு கையை எடுத்து என் வாயைப் பொத்தினாள். குழலைக் கொடுத்தேன். இரண்டு தடவை இழுத்தாள், மூன்று தடவை. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது.

“ஏன் மா பதில் சொல்லல?” என்று காதோடு கேட்டேன்.

“சொல்ல விடல கிராணி.” மூச்சு வாங்கினாள். “நீங்க பேரு கூப்பிட்டீங்க. வாயத் தொறந்தேன். எனக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்.”

“நீயேவா?”

“என் குரல். லோரிப் பக்கத்துலருந்து.” மறுபடி இழுத்தாள். “அதுக்கப்புறம் கத்துறேன், என் சத்தம் என் காதுக்கே கேக்கல. லோரி போயிருச்சு. யாரும் தேட வரமாட்டீங்கன்னு நெனச்சேன். நான்தான் அங்க இருக்கேனே.”

அவளைத் தூக்கி நிறுத்தினேன். இறங்கினால் ரோடு வரும் என்பது யாருக்கும் தெரிந்த கணக்கு. இறங்கினோம். நீல டிரம் வந்தது. ஏறிப் பார்த்தோம். நீல டிரம் வந்தது. வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பவளம் என் சட்டையைப் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது, குனிந்து எடுக்க இருவருக்குமே துணிவில்லை.

அப்போது கீழேயிருந்து, எவ்வளவு தூரமென்று தெரியாத இடத்திலிருந்து, கருப்பையாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“கிராணி, வந்துட்டீங்களா?”

வாயைத் திறந்தேன்.

“வந்துட்டேன் லா.”

என் குரல். லோரிப் பக்கத்திலிருந்து.

இத்தனை வருடம் என் குரல் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூக்கால் பேசுகிறேன், கொஞ்சம் சலிப்பாக, எதிராளி ஒரு மடையன் என்பதுபோல. நான் பேசுவது இப்படித்தான் என்று மனைவி சொல்வாள். சரிதான்.

“பவளம் கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சு. கதை போதும் லா, வண்டிய எடுங்க.”

கத்தினேன். நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். தொண்டை நரம்பு புடைப்பது தெரிந்தது, பவளம் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. ஈரப் பஞ்சுக்குள் வாயை அழுத்திக் கத்துவதுபோல் இருந்தது.

எஞ்சின் உறுமியது. கியர் விழுந்தது. டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம் மெதுவாக நகர்ந்தது. வளைவு வரைக்கும் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

இனிமேல் யாரும் வரமாட்டார்கள். பொம்பா வந்தாலும் ‘ஆள் கிடைத்துவிட்டது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். புத்தகத்தில் என் பெயருக்கு நேரே அழகாக ஒரு கோடு விழும். அதைப் பிற்காலத்தில் ஒரு புத்திசாலிக் கிராணி கண்டுபிடித்து, இவன் எவளோடோ கோலாலம்பூர் போயிருப்பான் என்று எல்லோருக்கும் விளக்குவான்.

பவளம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிய கொழுந்தின் வாடை இப்போது மிகப் பக்கத்தில். செடி அசையவில்லை. எங்களுக்கு ஒரு கை தூரத்தில், அன்பாக, ஆறுதல் சொல்வதுபோல ஒரு குரல் சொன்னது.

“நான் சொல்லிட்டேன்.”

பெண் குரல். பவளத்துடையது இல்லை. சின்னப் பெண்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ தெரியாது. திடீரென்று கீழே தகரம் அதிர்ந்தது. டங். டங். டங். லோரியின் பின்பலகையை யாரோ கத்தரியால் அடிக்கிறார்கள்.

“கிராணி,” மாரியம்மாவின் குரல். “பதில் சொல்லாதீங்க. பேசாம தகரச் சத்தத்துக்கு வாங்க.”

ஓடினோம். ஓடினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது, உருண்டோம் என்பதுதான் சரி. வழியெல்லாம் குரல்கள் வந்தன. “கிராணி, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்,” என்றது பவளத்தின் குரல், வலது காதோரம். பவளத்தின் கை என் இடது கையில் இருந்தது. அழுத்தினேன். திரும்ப அழுத்தினாள். “பவளம், நில்லு மா,” என்றது என் குரல் மேலேயிருந்து. அவள் அழுத்தினாள். நான் அழுத்தினேன். டங். டங். டங்.

காலுக்கடியில் மண் கல்லானது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. காய்த்துப்போன, சூடான கை. ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தது.

“சரி. ஏறுங்க,” என்றார் மாரியம்மா.

*

லைன் வீடு போய்ச் சேரும்வரை கருப்பையா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

“உங்க குரல்தான் கிராணி,” என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. “எங்க அம்மா மேல சத்தியமா. அதான் எடுத்துட்டேன்.”

“நான் பின்னால இருந்தேன்,” என்றார் மாரியம்மா. “பின்னால ஏறிட்டேன்னு சொல்லுச்சு. கையைக் கொடுங்க கிராணின்னேன். ‘இருக்கேன் லா அக்கா’ன்னுச்சு. மூணு வாட்டி கேட்டேன். மூணு வாட்டியும் பதில்தான் வந்துச்சு. கை வரல. முன்சீட்டு ஜன்னல் வழியா கைய விட்டுக் கருப்பையா தலையில தட்டித் திருப்பச் சொன்னேன்.”

பவளம் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தாள். கீச், கீச் என்று நெஞ்சு சத்தம் போட்டது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“அந்தப் புத்தகம்,” என்றார் மாரியம்மா. “கோடு சரியாத்தான் இருக்கு கிராணி. பதில் வந்துச்சு. நான்தான் சொன்னேன்.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் கேள்வி கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

“வேலாயி மேல ஓடையோரம் பாக்குக் கீரை, அந்தப் பெரணிக் கொழுந்து, பறிக்கப் போனா. எனக்கும் சேத்துத்தான். கங்காணி பேரு கூப்பிட்டாரு, அவளக் காணோம். திட்டு வாங்குவாளேன்னு நான் ‘இருக்கேன்’னேன். பின்னாலதான் வந்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். லோரியில அந்தக் கோடியில உக்காந்திருக்கான்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன். காலையிலதான் தேடுனாங்க. கூடை மட்டும் கெடச்சுது. கொழுந்து புழுங்கிப் போயிருந்துச்சு.”

லோரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“அவ கெட்டவ இல்ல கிராணி. நான் அவளுக்குச் செஞ்சேன் பாருங்க, அது ஒரு உதவின்னு நெனச்சுக்கிட்டா. அதத்தான் எல்லாருக்கும் செய்யுறா.”

*

அடுத்த மூட்டத்திலிருந்து மறுபடி கை எண்ணினோம். துரை காரணம் கேட்டார். ‘பாதுகாப்பு’ என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பவளத்தை ஃபேக்டரிக்கு மாற்றினோம், அவள் இடத்துக்கு நேப்பாளத்திலிருந்து இன்னொருவர் வந்தார்.

ஒரே ஒரு மாற்றம் செய்தார் மாரியம்மா. “கணக்கு எழுதுறவர யாரு எண்ணுறது?” என்றார். அதனால் பதினோரு கைக்கு அப்புறம் பன்னிரண்டாவதாக என் கை. சலீம் பாய் கடையில் இதைச் சொன்னபோது, “அப்ப பேய் இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்க,” என்றார். “பேயெல்லாம் எனக்குத் தெரியாது பாய். கை சூடா இருந்தா ஆளு. இது டெஸ்ட் பண்ணுன விஷயம்,” என்றேன்.

போன வியாழக்கிழமை மூட்டத்தோடு மழையும் சேர்ந்துகொண்டது. எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டிக்கிடந்தது. காற்றுதான் வருமே தவிர ஒரு வார்த்தை வராது. ஆபீசில் எல்லாம் சைகைதான். என் வாயடைத்ததற்குத் துரை கோயிலில் தேங்காய் உடைத்திருப்பார்.

பதினோரு பேரும் கை கொடுத்து ஏறினார்கள். மழைக்குப் பயந்து நான் நேராக முன்னால் ஓடிக் கருப்பையா பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உட்கார்ந்து முகத்தைத் துடைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் கை கொடுக்கவில்லை.

இருக்கைக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாக மாரியம்மாவின் குரல் கேட்டது.

“கிராணி எங்க? கையைக் கொடுங்க.”

ஜன்னல் வழியாக நீட்டலாம் என்று திரும்பினேன்.

“இந்தாங்க அக்கா,” என்றது என் குரல், பின்னாலிருந்து.

கருப்பையாவின் விரல் சாவியில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மழை கூடக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் புழுங்கிய கொழுந்தின் வாடை மெல்ல உள்ளே வந்தது.

பிறகு மாரியம்மா, மிகத் தாழ்ந்த குரலில், கேட்டார்.

“ஏன் கிராணி, கை இவ்ளோ சில்லுன்னு இருக்கு?”